சும்மா இருக்க ஓர் இடம்

கடைசியாக நீங்கள் ஒரு பொது இடத்தில் சும்மா இருந்தது எப்போது?

அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். கச்சேரி வாங்கில் இருந்ததைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது ஒரு கையெழுத்துக்காக. கிளினிக் நாளில் விடியப்புறம் போய் இலக்கம் எடுத்துக் காத்திருந்ததையும் சேர்க்க வேண்டாம். முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றது, ஆணைக்குழுவுக்குச் சாட்சி சொல்லப் போய் மண்டப வாசலில் இருந்தது, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை மடியில் வைத்தபடி வீதியோரக் கொட்டகையில் இருந்தது ஆகிய எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். கோயில் திருவிழாவையும் கழியுங்கள். அங்கேயும் ஒரு நேர்த்தி இருந்திருக்கும். ஒரு காரணமும் இல்லாமல், ஒருவருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லாமல், ஒரு மரத்தின் கீழ் இருந்து ஏதோ ஒன்றை வேடிக்கை பார்த்தது எப்போது?

பெண்கள் கூட்டங்களில் இந்தக் கேள்வியை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு யோசிப்பார்கள். "சின்னனில" என்று யாராவது ஒருவர் மெதுவாகச் சொல்லுவார். அதற்குப் பிறகு மண்டபம் அமைதியாகிவிடும்.

இந்தக் கேள்வி நான் படித்த சமூகவியல் புத்தகத்திலிருந்து எனக்கு வந்ததல்ல. ஜெனீவா நகரத்தில் ஒரு பூங்காவில், தரையில் வரைந்திருந்த சதுரங்கப் பலகை ஒன்றின் ஓரத்தில் நின்றபோது வந்தது.

ஜெனீவா என்ற பெயர்

எங்கள் வீடுகளில் ஜெனீவா என்பது வெறும் ஊரின் பெயர் அல்ல. 2012 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கையின் பொறுப்புக்கூறல் பற்றிய தீர்மானம் நிறைவேறிய நாளிலிருந்து, மார்ச்சும் செப்டெம்பரும் வந்தால் எங்கள் தாய்மார் பத்திரிகையில் முதலில் தேடுவது அந்தப் பெயரைத்தான். நம்பிக்கையும் ஏமாற்றமும் சேர்ந்த ஒரு சொல்லாக அது மாறிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு செப்டெம்பர் அமர்வுக்குச் சென்ற தாய்மார் சிலருக்குத் துணையாக நானும் போனேன். அவர்கள் சொல்வதை மொழிபெயர்ப்பதும், அவர்களுக்குச் சோறு கிடைக்கிறதா என்று பார்ப்பதும்தான் என் வேலை. அவர்களில் முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த, அறுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் இருந்தார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் தன் மகனைக் கையால் பிடித்துக் கொடுத்த தாய் அவர்.

பல மாதங்கள் ஆயத்தம் செய்தோம். கிடைத்த பேச்சு நேரம் இரண்டு நிமிடம்கூட இல்லை. அம்மா பேசி முடித்தார். அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அறையில் ஓய்வெடுக்கச் சொன்னேன்.

"அறைக்குள்ள இருந்தா யோசினைதான் பிள்ளை வரும். எங்கையாவது நடப்பம்" என்றார்.

ட்ராமில் போய் இறங்கி நடந்தோம். அப்படித்தான் பாஸ்தியோன் பூங்காவின் வாசலுக்கு வந்து சேர்ந்தோம்.

தரையில் ஒரு பலகை

பூங்கா வாசலுக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் குதிரையில் இருக்கும் ஒருவரின் சிலை நிற்கிறது. டுஃபூர் என்ற தளபதி அவர். 1863 இல் இந்த நகரத்தில் உருவான சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் முதலாவது தலைவர். அதைச் சொன்னதும் அம்மா அண்ணாந்து பார்த்தார். "அப்ப மாத்தளனுக்குக் கப்பல் அனுப்பினது இவையளோ?" என்று கேட்டார். 2009 இன் முற்பகுதியில் காயப்பட்டவர்களைப் புதுமாத்தளன் கரையிலிருந்து ஏற்றிச் சென்ற கப்பலை யார்தான் மறப்பார்கள்? அவருடைய தங்கையின் மகளும் அதில்தான் போனாராம்.

வாசலைத் தாண்டியதும் பெரிய மரங்கள். அவற்றின் பக்கத்தில் தரையிலேயே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள் வரைந்த பலகைகள். ஒரு கட்டத்துக்குள் ஒருவர் இரண்டு காலையும் வைத்து நிற்கலாம். காய்களும் அந்த அளவுக்குப் பெரியவை. ராஜா முழங்காலைத் தாண்டி நிற்கிறார். சில பலகைகள் சதுரங்கத்துக்கு, சில டாம் விளையாட்டுக்கு. எங்களுடைய டாமைப் பிரெஞ்சு மொழியிலும் 'டாம்' என்றுதான் சொல்கிறார்கள். சீமாட்டி என்பது அதன் பொருள். சதுரங்க ராணிக்கும் அதே பெயர்தான். அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாத அம்மா, பக்கத்தில் நின்றவர் 'டாம்' என்று சொன்னதும் "அட, எங்கட டாம்" என்று சந்தோசப்பட்டார்.

நுழைவுச் சீட்டு இல்லை. பெயர் பதிவு இல்லை. கட்டணம் இல்லை. பூங்காவுக்குள்ளேயே பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்று இருப்பதால் மாணவர்கள் புத்தகப் பையோடு வந்து நிற்கிறார்கள். ஓய்வுபெற்றவர்கள் தொப்பியோடு வருகிறார்கள். வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களும் இருக்கிறார்கள். விளையாடும் இருவருக்கும் ஒரே மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. குதிரை எப்படித் தாவும் என்பது எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

இப்படிப் பொது இடத்தில் சதுரங்கம் ஆடுவது வேறு நகரங்களிலும் உண்டு. பாரிஸில் எங்கள் உறவினர்கள் இருக்கும் வீடுகளிலிருந்து ரயிலில் போகக்கூடிய லுக்சம்பூர்க் தோட்டத்தில் சதுரங்க மேசைகள் இருக்கின்றன. நியூயோர்க்கின் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில், தென்மேற்கு மூலையில் உள்ள மேசைகளில் முன்பின் தெரியாதவர்கள் கடிகாரம் வைத்துச் சில டொலர் பந்தயத்துக்கு ஆடுவார்கள். ஆனால் பாஸ்தியோனில் நான் கண்டது அந்த வேகம் அல்ல. அங்கே மனிதர்கள் நடந்து நடந்து விளையாடுகிறார்கள்.

அந்த நடையைப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. ஆடுபவர் பலகையின் ஓரத்தில் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நிற்பார். யோசிப்பார். பிறகு உள்ளே போய்க் காயை இரண்டு கையாலும் தூக்கி வைப்பார். உள்ளே நிற்கும்போது முழுப் பலகையும் அவருக்கு வடிவாகத் தெரியாது. மறுபடியும் வெளியே வந்துதான் தான் செய்ததைப் பார்க்க வேண்டும். வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தவர்களும் உண்டு.

சுற்றி நிற்பவர்களுக்கு எல்லாம் தெரியும். அவர்கள் வாய் திறந்து சொல்லக்கூடாது என்பது ஒழுங்கு. ஆனால் பிழையான காயில் கை வைத்தால் யாரோ ஒருவர் நாக்கைச் சப்புக்கொட்டுவார். இன்னொருவர் வானத்தைப் பார்ப்பார். ஆட்டம் முடிந்ததும் வெளியே நின்ற ஒருவர் உள்ளே போவார். ஆடியவர் வெளியே வந்து நிற்பார். பார்ப்பவருக்கும் ஆடுபவருக்கும் இடையில் வேலி இல்லை.

"ராணியைக் குடுக்கப் போறார்"

அம்மா பத்து நிமிடம் நிற்பார், பிறகு நடக்கலாம் என்று நினைத்தேன். அரை மணித்தியாலம் போயிற்று. சேலைக்கு மேல் போட்டிருந்த குளிர்ச்சட்டையை இழுத்து மூடிக்கொண்டு அசையாமல் நின்றார். திடீரென்று என் காதுக்குள், "உந்த மனுசன் ராணியைக் குடுக்கப் போறார்" என்றார். இரண்டு நகர்வுக்குப் பிறகு அந்த மனிதர் ராணியைக் கொடுத்தார்.

"அம்மா, உங்களுக்கு இது விளையாடத் தெரியுமா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஆட்டத்தைப் பார்த்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மகன் பாடசாலையில் பழகியது. இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தபோது அவனுக்கு ஆட ஆள் இல்லை. நிவாரணப் பெட்டி மட்டையில் கரியால் கட்டம் கீறி, சோடா மூடியும் சிப்பியும் வைத்து, தாய்க்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். "எனக்கென்னத்துக்கடா உது எண்டு பேசினனான். மழை பெஞ்சால் வேற என்ன செய்யிறது? இருந்து விளையாடுவம். என்னை வெல்ல விடமாட்டான்."

மட்டை அங்கேயே போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் ஒரு சதுரங்கக் காயையும் தொட்டதில்லை.

எங்களுக்கு முன்னால் அந்த ஆட்டம் முடிந்தது. இருவரும் கைகொடுத்துக்கொண்டு, விழுந்த காய்களையெல்லாம் மறுபடி தூக்கி வரிசையில் நிறுத்தினார்கள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "செத்ததெல்லாம் எழும்பி நிக்குது பாருங்கோ" என்றார். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

ஏன் பெண்கள் குறைவு?

அந்தப் பின்னேரம் நான் எண்ணிப் பார்த்தேன். பலகைகளைச் சுற்றி நின்றவர்களில் பெண்கள் என் ஒரு கை விரல்களுக்குள் அடங்கினார்கள். அங்கேயும் அப்படித்தான். சர்வதேச சதுரங்கச் சம்மேளனத்தின் தரவரிசையில் உள்ளவர்களிலும் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே பெண்.

இதற்கு மூளையைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. காரணத்தை வீட்டுக்குள் தேடினால் போதும். விளையாட்டுக்கு முதலில் வேண்டியது நேரம். அடுத்தது, அந்த நேரத்தைச் செலவழிக்கக் கூச்சப்படாத மனம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையங்களை நினைத்துப் பாருங்கள். பத்திரிகை, கரம், டாம் எல்லாம் யாருக்கு? மதவடியில் இருந்து முன்னூற்றி நாலு ஆடுபவர்களை ஊர் வேலையற்றவர்கள் என்று ஏசலாம். ஆனால் அங்கே இருக்க அவர்களுக்கு உரிமை இல்லை என்று யாரும் சொல்வதில்லை. பெண்பிள்ளைகளாகிய நாங்களும் கொக்கான் வெட்டினோம், தாயம் போட்டோம், கெந்தினோம். பெரியபிள்ளையானதும் அந்தக் கற்கள் எங்கே போயின? யாரும் பறிக்கவில்லை. நாங்களாகவே கீழே வைத்துவிட்டோம். அப்படித்தான் எங்களைப் பழக்கினார்கள்.

கணவனை இழந்த பெண்ணுக்கு, பிள்ளையைத் தேடும் தாய்க்கு, இந்தக் கட்டு இன்னும் இறுக்கமானது. அவள் அழுதால் ஊர் ஏற்றுக்கொள்ளும். உழைத்தால் பாராட்டும். வீதியில் இருந்து போராடினால் படம் பிடிக்கும். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் தாய்மார் தொடங்கிய வீதியோரப் போராட்டத்தை உலகமே வந்து பார்த்தது. ஆனால் அதே பெண் மர நிழலில் இருந்து சிரித்தால், "உவவுக்கு என்ன குறை?" என்று கேட்கும். எங்கள் துக்கத்துக்குப் பொது இடத்தில் இடம் உண்டு. எங்கள் ஓய்வுக்கு இல்லை.

நாங்கள் எந்த மண்டபத்தில் நீதி கேட்கிறோமோ, அந்த மண்டபத்துக்கு அடித்தளமான ஆவணத்தில் இதற்கும் ஓர் இடம் இருக்கிறது. 1948 டிசெம்பர் 10 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட உலகளாவிய மனித உரிமைகள் பிரகடனத்தின் 24 ஆவது உறுப்புரை, ஓய்வும் பொழுதுபோக்கும் எல்லோருக்கும் உள்ள உரிமை என்கிறது. எத்தனையோ மனித உரிமைப் பயிற்சிகளை நடத்திய நான் அந்த உறுப்புரையை ஒருநாளும் நின்று வாசித்ததில்லை. மற்றவற்றுக்குத்தான் அவசரம் என்று நினைத்தேன்.

ராணிக்கு வந்த பலம்

சதுரங்கம் எங்களுக்கு அந்நியமானதல்ல. யானை, தேர், குதிரை, காலாள் என்ற நான்கு அங்கங்களைக் கொண்ட படையின் பெயரே அது. ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டளவில் வட இந்தியாவில் தோன்றி, பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. ஆரம்பத்தில் பலகையில் ராணி இல்லை. ராஜாவின் பக்கத்தில் நின்றவர் மந்திரி. மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம்தான் அவர் நகரலாம். ஐரோப்பாவில் அந்த இடம் ராணியாக மாறியது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் எந்தத் திசையிலும் எவ்வளவு தூரமும் போகும் பலம் ராணிக்குக் கிடைத்தது. ஆட்டத்தின் விதியும் மனிதர் போட்டதுதான். மனிதர் மாற்றியதுதான்.

பலகையில் ராணி பலம் பெற்றும், பலகைக்கு முன்னால் பெண்கள் உலகப் பட்டத்துக்காக வந்து இருக்க இன்னும் நானூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றது. அப்படி வந்து இருந்தவர்களில் வேரா மென்ச்சிக்கின் கதையை நீங்கள் அறிய வேண்டும். 1906 இல் மொஸ்கோவில் பிறந்தவர். 1921 இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போனார். 1927 இல் பெண்களுக்கான முதலாவது உலகச் சாம்பியனானார். 1929 இல் கார்ல்ஸ்பாட் நகரில் ஆண்களோடு ஆட வந்தபோது, இவரிடம் தோற்பவர்களெல்லாம் 'வேரா மென்ச்சிக் கழகத்தில்' உறுப்பினர் என்று பெக்கர் என்ற ஆட்டக்காரர் கேலி செய்தார். அந்தப் போட்டியிலேயே பெக்கர் அவரிடம் தோற்றார். பின்னாளில் 1935 இல் உலகச் சாம்பியனான மக்ஸ் ஊவேயும் அந்தக் கழகத்தில் சேர வேண்டியிருந்தது.

1943 இல் மென்ச்சிக்கின் கணவர் இறந்தார். 1944 ஜூனில் இலண்டனில் அவருடைய வீட்டின் மேல் ஜேர்மனியரின் பறக்கும் குண்டு விழுந்தது. தாயும் தங்கையும் அவரும் ஒன்றாகவே இறந்தார்கள். வயது 38. சாகும்வரை அவருடைய உலகப் பட்டத்தை எவரும் வெல்லவில்லை. குண்டு விழுந்த வீட்டில் தாயும் மக்களும் ஒன்றாகப் போவது எப்படி என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பெண்களுக்கான சதுரங்க ஒலிம்பியாட்டில் வழங்கப்படும் கிண்ணம் அவருடைய பெயரைத் தாங்கியது. 2024 இல் புடாபெஸ்ட்டில் அந்தக் கிண்ணத்தை வென்ற இந்திய அணியில் சென்னையைச் சேர்ந்த தமிழ்ப்பெண் வைஷாலியும் இருந்தார். அவருடைய தாய் நாகலட்சுமியை நீங்கள் படத்தில் கண்டிருப்பீர்கள். 2023 இல் பாகுவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில், மகன் பிரக்ஞானந்தாவை ஓர் ஓரத்தில் நின்று பெருமிதத்தோடு பார்த்த அம்மா அவர். அந்தப் படம் எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. அது எங்களுக்குப் பழக்கமான இடம். பிள்ளை ஆடுவதை ஓரத்தில் நின்று பார்க்கும் இடம். அந்தப் பார்வைக்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் எங்களுக்கு உள்ள ஒரே இடம் அதுவாக இருக்கக்கூடாது.

இரண்டாம் நாள்

மறுநாளும் அம்மாதான் "அங்க போவமே?" என்று கேட்டார்.

அன்று எழுபது வயதளவான வெள்ளைக்காரப் பெண் ஒருவர் சந்தைப் பையை மரத்தடியில் வைத்துவிட்டு ஓர் ஆபிரிக்க இளைஞனோடு ஆடிக்கொண்டிருந்தார். வென்றது அவர்தான். இளைஞன் போனதும் சுற்றிப் பார்த்தார். நேற்றும் இன்றும் நின்று பார்த்த அம்மா மேல் கண் விழுந்தது. கையால் கூப்பிட்டார்.

"ஐயோ, நான் மாட்டன். சேலையோட உதுக்குள்ள நடக்கிறதோ?" அம்மா எனக்குப் பின்னால் மறைந்தார். அந்தப் பெண் அவசரப்படுத்தவில்லை. வெள்ளைக் காய்களை வரிசையில் நிறுத்திவிட்டுக் காத்து நின்றார். கடைசியில் அம்மா கைப்பையை என்னிடம் தந்தார். முந்தானையை இடுப்பில் செருகினார். போய் ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார்.

முக்கால் மணித்தியாலம் ஆடினார்கள். ஒரு சொல்லும் பேசவில்லை. அம்மா குதிரையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் வைப்பார். வெளியே வந்து பார்ப்பார். ஒருமுறை பிழை விட்டுவிட்டுத் தன் தலையிலேயே குட்டிக்கொண்டார். நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் அவரை அறிந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பைக் கண்டதில்லை. ஆட்டத்தில் தோற்றார். அந்தப் பெண் அவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

திரும்பும்போது ட்ராமில் அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"இவ்வளவு நேரமும் அவன்ர நினைப்பு வரேல்லை பிள்ளை. ஒரு தாய் அப்பிடி இருக்கலாமோ?"

உளவளத்துணையில் பயிற்சி பெற்றவள் நான். குற்ற உணர்வு பற்றி வகுப்பு எடுத்திருக்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. இரண்டு தரிப்பிடம் கழிந்தது. பிறகு அவரே சொன்னார்: "உதைச் சொல்லித் தந்தவனே அவன்தானே."

அவ்வளவுதான். அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

சிரித்தால் போனவர்களுக்குத் துரோகம் என்ற பயம் எங்களில் அநேகம் பேருக்கு உண்டு. ஒரு தாயின் அன்பை அவள் அழுத நேரத்தால் அளக்க முடியாது என்று இப்போது நான் நம்புகிறேன். அதை எனக்குக் கற்றுத் தந்தது அந்த ட்ராம் பயணம்.

வேப்பமரத்தின் கீழ்

ஊருக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை பிழைத்தது. அதையும் சொல்ல வேண்டும். ஒரு கிராமத்தின் பொதுநோக்கு மண்டபத்தில் சதுரங்கப் பலகைகள் வாங்கி வைத்தேன். 'உளசமூகச் செயற்பாடு' என்று பெயர் போட்டேன். சனிக்கிழமை மூன்று மணிக்கு மாதர் கிராம அபிவிருத்திச் சங்க உறுப்பினர்களை வரச் சொன்னேன். வந்தார்கள். வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைத்தார்கள். தேநீர் குடித்தார்கள். "எப்ப மிஸ் முடியும்?" என்று கேட்டார்கள். ஓய்வையும் ஒரு வரிசையாக மாற்றியவள் நான்தான்.

சரியான வழியைக் கண்டுபிடித்தது அந்தக் கிராமத்து இளம் தாய் ஒருவர். முன்பள்ளி விடும்வரை தாய்மார் காத்து நிற்கும் வேப்பமரத்தடியில் ஒரு சீமெந்துத் தளம் இருந்தது. அதில் அவர் கட்டங்களைக் கீறினார். எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுக் கட்டம், மொத்தம் 64. இரண்டு நிறப் பூச்சு. காய்களுக்குக் குடித்துவிட்டு எறியும் தண்ணீர்ப் போத்தல்கள் 32 எடுத்து, அரைவாசிக்கு மணல் நிரப்பினோம். பதினாறுக்கு வெள்ளைத் துணி, பதினாறுக்குச் சிவப்புத் துணி சுற்றினோம். பெரிய போத்தல் ராஜா, ராணி. சின்னப் போத்தல் சிப்பாய். குதிரைக்கு மட்டும் அட்டையில் காது வைத்தோம்.

யாரையும் கூப்பிடவில்லை. முதலில் இரண்டு பேர் ஆடினார்கள். மற்றவர்கள் நின்று பார்த்தார்கள். இரண்டு கிழமைக்குப் பிறகு, பார்த்தவர்கள் சப்புக்கொட்டத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். காலை இழந்த ஒரு சகோதரி கதிரையில் இருந்து கையைக் காட்ட, பக்கத்தில் நிற்கும் பிள்ளை காயை நகர்த்துகிறாள். அவரை வெல்வது கஷ்டம்.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொல்லமாட்டேன். "சண்டை பார்த்தது போதும், எனக்கு உந்தச் சிப்பாயும் வேண்டாம் ராஜாவும் வேண்டாம்" என்றார் ஒரு அக்கா. அது நியாயமான பேச்சு. அவருக்காக அதே தளத்தில் சோடா மூடிகளை வைத்து டாம் தொடங்கினோம். இன்னொருவர் மரத்தடியில் இருந்து பார்ப்பதோடு சரி. அதுவும் போதும்.

ஊர்ப் பேச்சும் வந்தது. "புருசன் இல்லாதவளுக்கு ஆட்டம் கேக்குதோ?" என்று கடையடியில் ஒருவர் சொன்னாராம். இரண்டு பேர் சில நாட்கள் வராமல் நின்றார்கள். பிறகு ஒருவர் வந்தார். மற்றவர் இன்னும் வரவில்லை.

சதுரங்கம் மருந்தல்ல. அது பசிக்குச் சோறு போடாது, காணியை மீட்டுத் தராது, காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரையும் கொண்டுவந்து தராது. நிதி தரும் நிறுவனமொன்று "இதன் வெளிப்பேறு என்ன?" என்று என்னிடம் கேட்டது. அறிக்கையில் எழுதக்கூடிய பதில் என்னிடம் இல்லை. முன்பள்ளி விட்ட பிறகும் தாய்மார் கொஞ்ச நேரம் அங்கே நிற்கிறார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பேறு.

உங்கள் ஊரில்

பாஸ்தியோன் பூங்காவில், சதுரங்கப் பலகைகளிலிருந்து சற்றுத் தள்ளி, ஏறத்தாழ நூறு மீற்றர் நீளமான ஒரு நினைவுச் சுவர் இருக்கிறது. 1909 இல் அடிக்கல் நாட்டியது. கிறிஸ்தவ சமயச் சீர்திருத்தத்தை முன்னெடுத்த நான்கு ஆண்களின் பெரிய சிலைகள் அதில் நிற்கின்றன. பெண்களும் பேச வேண்டும் என்று பதினாறாம் நூற்றாண்டில் அந்நகரிலிருந்து எழுதிய மாரி தாந்தியேரின் பெயரை அந்த நினைவிடத்தில் பொறித்தது 2002 இல்தான். முதலாவது பெண் பெயர் அது. சுவிற்சர்லாந்துப் பெண்களுக்கு நாடளாவிய வாக்குரிமை கிடைத்ததும் 1971 இல்தான். பொது இடத்தில் பெண்ணுக்கு இடம் கிடைப்பது எந்த நாட்டிலும் தானாக நடந்ததில்லை.

எங்கள் பிரதேச சபைகளிடம் பூங்காவுக்கும் சிறுவர் முற்றத்துக்கும் நாங்கள் கோரிக்கை வைக்கிறோம். அடுத்த முறை, பெண்களும் இருக்கக்கூடிய நிழலான ஓர் இடத்தையும், தரையில் கீறிய ஒரு பலகையையும் அதில் சேர்த்து எழுதுவோம். செலவு இரண்டு டப்பா பூச்சு. சனசமூக நிலையத்தில் கிழமையில் ஒரு பின்னேரத்தைப் பெண்களுக்கு ஒதுக்கும்படி கேட்போம். பலகை சதுரங்கமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தாயமும் சரி, கொக்கானும் சரி.

அதுவரை ஒரு சிறு வேலை. இந்த மாதத்தில் ஒருநாள், அரை மணித்தியாலம், உங்கள் ஊரில் நிழல் உள்ள ஒரு பொது இடத்தில் போய் இருங்கள். மருந்துத் துண்டையோ கோவையையோ கொண்டுபோக வேண்டாம். முடிந்தால் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். "ஏன் இஞ்ச இருக்கிறியள்?" என்று யாராவது கேட்டால் காரணம் தேட வேண்டாம்.

"சும்மா" என்று சொல்லுங்கள்.